முதல் மெட்டு மாரம்மாவுக்கு

மெட்டுப் போடத் தெரிந்தவர்களுக்குச் சோறும் போட்டு, தங்க இடமும் கொடுத்து, மேற்கொண்டு கற்றுக்கொடுக்க மெட்ராசில் ஆள் இருக்கிறார்கள் என்று கருப்பசாமி சொன்னதும், அவன் மாமியார் கெம்பம்மா களிக்கட்டையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏம் மாப்ளே, குடிச்சிட்டு கிடிச்சிட்டு வந்தியா? பாடறவங்களுக்குச் சோறு போடுவாங்கன்னா எங்கூரு சனம் பாதி கஞ்சியில்லாம செத்திருக்கவே மாட்டாங்களே."

"பாடுறதுக்கு இல்லத்தே. மெட்டுப் போடுறதுக்கு. ரெண்டும் வேற வேற."

"என்னா வேற? களி கிண்டறது வேற, உருண்டை புடிக்கறது வேறயா?"

"அப்பிடித்தான்னு வச்சுக்கயேன்."

கருப்பசாமி அதை டீக்கடைப் பேப்பரில் படித்திருந்தான். இரண்டு வருசத்துக்கு முன்னால் என்றால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருப்பான். அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பிறகு, கண்ணில் பட்டது எதையும் விடுவதில்லை. டெண்டர் விளம்பரம், காணாமல் போனவர் படம், வரன் தேவை, எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் டீ குடிப்பான். டீ ஆறிப்போகும். அப்படி விரல் வைத்துப் போகும்போதுதான் ஒரு மூலையில் அது அகப்பட்டது. புதிதாக இசை அமைக்கிறவர்கள், முப்பது வயசுக்குள் இருக்க வேண்டும். சினிமாவில் வேலை செய்திருக்கக் கூடாது. சொந்த மெட்டு ஒன்றை கேசட்டில் பதிந்து அனுப்ப வேண்டும். அந்த மெட்டு அதற்கு முன்னால் எங்கேயும் பாடப்பட்டிருக்கக் கூடாது. தேறினால் ஆறு மாசம் மெட்ராசில் பயிற்சி, கைச்செலவுக்குப் பணம். கடைசியில் பன்னிரண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து, அவர்கள் போட்ட மெட்டை வாசிப்பார்கள்.

அவன் மனைவி நஞ்சம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் கடைசி விசயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"பன்னெண்டு பேரா? வயலினும் இருக்குங்களா?"

"இருக்கும்ல. வயலின் இல்லாம என்ன வாத்தியம்?"

"நாலு வயலின் சேந்து வாசிச்சா எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைக்கொட்டைச் சாறு ஆறி, மேலே ஆடை கட்டியது.

நஞ்சம்மா சிப்காட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்தாள். செம்புக் கம்பியை விரலிடுக்கில் விட்டு, வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அங்கே தமிழ்க்காரி, தெலுங்குக்காரி, கன்னடக்காரி எல்லாரும் இருந்தார்கள். சுற்றை எண்ணும்போது மட்டும் அவளவள் வீட்டுப் பாசையில்தான் எண்ணுவாள். எண்ணிக்கை தவறினால் பிரிக்க வேண்டும். பிரித்த கம்பி மறுபடி நேராகப் படியாது. நஞ்சம்மாவுக்கு எண்ணுவதை விட முனகுவது சுலபமாக இருந்தது. இத்தனை சுற்றுக்கு மெட்டில் இந்த அடி, கம்பி ஓரத்துக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு வளைவு, அப்புறம் அடுத்த வரிசைக்கு அடுத்த அடி. வார்த்தையே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் அவள் முனகலை வைத்தே சுற்றப் பழகியிருந்தார்கள். சூப்பர்வைசருக்கு அது பிடிக்காது. ஆனால் காயில் தவறுவதில்லை என்பதால் காதில் விழாதது மாதிரி இருப்பார்.

கருப்பசாமி விருதுநகர்ப் பக்கத்துக்காரன். பிழைக்க வந்து, கிரானைட் பாலிஷ் பட்டறையில் நாளெல்லாம் தண்ணீரில் நின்றான். கல் மாவு படிந்து அவன் பாதம் எப்போதும் சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடக்கும். பஸ்சுக்கு நிற்கையில் நஞ்சம்மா முனகுவதைக் கேட்டுத்தான் அவளிடம் முதல் பேச்சுக் கொடுத்தான். என்ன படம் என்று கேட்டான். படமில்லை என்றாள். அவன் நம்பவில்லை. அது நடந்து ஐந்து வருசமாகிறது.

கேசட்டில் பதிய டேப் ரெக்கார்டர் வேண்டியிருந்தது. பஜனைக் கோஷ்டி நடத்தும் கங்கப்பனிடம் ஒன்று இருந்தது. வீட்டில் வைத்துப் பதிய முடியாது. லாரி போகும், பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும். கெம்பம்மா இலை போடக் கூலிக்குப் போகும் பட்டுப்புழு மனை கெலமங்கலம் ரோட்டில் இருந்தது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை, தட்டுகளில் மல்பெரி இலையைப் பரப்பிவிட்டு, கங்கப்பன் பொத்தானை அழுத்த, நஞ்சம்மா வார்த்தையே இல்லாமல் தன் மெட்டைப் பாடினாள். முடிந்ததும் கங்கப்பன் டேப்பை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏய், நஞ்சி. இதெல்லாம் எங்க வச்சிருந்த நீ?"

"கம்பெனியிலண்ணா."

"அட, கம்பெனியில காயில்தான் சுத்தறாங்கன்னு நெனச்சன்."

கேசட்டை உடனே அனுப்பியிருக்கலாம். கெம்பம்மா விடவில்லை.

"மொதல்ல தாயிக்குக் குடுக்கணும்" என்றாள்.

அந்த ஊரில் அதுதான் வழக்கம். முதல் பட்டுக்கூடு, முதல் பால், முதல் தக்காளி, முதல் சம்பளத்தில் ஒரு பங்கு, எதுவானாலும் மாரம்மாவுக்குக் காட்டாமல் ஊர் எல்லை தாண்டாது. கொடுத்தவர்கள் தங்கள் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி.

"எங்கூர்ல கோயிலுக்கு ட்யூப் லைட்டு குடுத்தாக்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேரெழுதிப் புடுவாங்ய" என்றான் கருப்பசாமி. "அதோட, எங்கிட்டும் பாடியிருக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கு அத்தே."

"அது மனுசங்க கிட்டப் பாடறதச் சொல்லியிருப்பான். சாமி கிட்டப் பாடறது எப்படிப்பா கணக்குல வரும்?"

கருப்பசாமி நஞ்சம்மாவைப் பார்த்தான். அவள் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டு, கெம்பம்மாவிடம் ஒரு வாரம் வசவு வாங்கியிருப்பான். நஞ்சம்மா தலையை ஆட்டினாள்.

"அம்மா சொல்றதுதாங்க சரி. தாயிக்குக் காட்டாம அனுப்பினா எனக்கே மனசு வராது. போற எடத்துல தொண்டை கட்டிக்கும்."

மாசித் திருவிழாவில் கங்கப்பன் கோஷ்டி அதைப் பாடியது. கங்கப்பனே வார்த்தை போட்டான். 'ஏறி வா தாயி ஏறி வா, எங்க மேட்டுக்கு ஏறி வா' என்று தொடங்கும். பம்பை அடிக்கிறவர்கள் முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை கூட்டமே பாடியது. கரகம் தூக்கியவள் ஆடிய ஆட்டத்தில் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நஞ்சம்மா பெண்கள் கூட்டத்தில் கடைசியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மறுநாள் கேசட் தபாலில் போயிற்று.

பாட்டும் போயிற்று. ரோஜாத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டெம்போவில் முதலில் ஏறியது. தக்காளி பறிக்கிறவர்கள் 'ஏறி வா தாயி' என்பதை 'வெலை ஏறி வா தக்காளி' என்று மாற்றினார்கள். ஜல்லி மில்லில் கூடை மாற்றும்போது பாடினார்கள். வார்த்தை எப்படி எப்படியோ மாறியது, மெட்டு மட்டும் மாறவில்லை. ஒருநாள் டெம்போவில் நஞ்சம்மாவும் சேர்ந்து பாட, எதிரில் இருந்த பெண் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அக்கா, அந்த எடத்துல அப்படி இழுக்கக் கூடாது. தெரியலன்னா சும்னிரு, நாங்க பாடறோம்."

இதைச் சொல்லிச் சொல்லி நஞ்சம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள். களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கருப்பசாமியும் சிரித்தான்.

மழைக்காலம் தொடங்கியபோது கார்டு வந்தது. கருப்பசாமி விரல் வைத்துப் படித்தான். மெட்டுத் தேர்வாகியிருக்கிறது, கடைசியாக நேரில் பார்த்துப் பேச ஜெயமணி என்கிற அம்மா வருகிறார். அவர் வரும் நாளில் இரண்டு பேரும் லீவு போட்டார்கள். கெம்பம்மா கோழி அடிப்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்பி, மெட்ராஸ்காரி ஐயமாராக இருந்தால் என்ன செய்வது என்று கீரை கடைந்தாள்.

ஜெயமணி அம்மா கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்சில் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். பாட்டு டீச்சர். முதல் நாள் ஊத்தங்கரைப் பக்கம் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டார். களி வேண்டுமா என்று கெம்பம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். கொடுங்கள் என்று வாங்கி, விழுங்கத் தெரியாமல் மென்று மென்று சாப்பிட்டார்.

"கேசட்டை மழையிலயா பதிவு பண்ணீங்க? பின்னாடி சளசளன்னு மழை பெய்யுதே."

"மழையில்லம்மா" என்றாள் கெம்பம்மா. "புழு எலை தின்னற சத்தம். கடைசி வாரம் அப்படித்தான் தின்னும், சனியன்."

ஜெயமணி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கருப்பசாமிக்கு அப்போது எல்லாம் கூடிவந்த மாதிரி இருந்தது. மெட்ராசுக்குப் போக எந்தப் பெட்டியை யாரிடம் கேட்பது என்று கூட அவன் மனசு போய்விட்டது.

"ஒண்ணு கேட்கணும்" என்றார் அவர். "சூளகிரியில பஸ் நின்னப்ப தக்காளிக் கூடையோட சில பொம்பளைங்க ஏறினாங்க. இதே மெட்டைப் பாடினாங்க."

நஞ்சம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சூளகிரி வரைக்கும் போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சான்னா? அது அங்க இருக்கிற பாட்டு இல்லையாம்மா?"

"இல்லீங்க. இங்கிருந்து போனது."

ஜெயமணி அம்மா தண்ணீர் குடித்தார். "கோவிச்சுக்காதீங்க. ஊர்ல பாடுற பழம்பாட்டை எடுத்து, நான் போட்டதுன்னு நிறையப் பேர் அனுப்புறாங்க. அதுக்குத்தான் நேர்ல வர்றோம். இது உன்னோடதுன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

"ஊரே இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, கெம்பம்மா வாசலில் நின்று கங்கப்பனைக் கூப்பிட்டாள். மெட்ராஸ்காரி வந்த சேதி தெரிந்து அவன் ஏற்கெனவே சந்து முனையில்தான் நின்றிருந்தான். சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தான். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். வீடு இருண்டது.

"இந்தப் பாட்டு யார் போட்டது, உங்களுக்குத் தெரியுமா?" என்று ஜெயமணி அம்மா கேட்டார்.

கங்கப்பன் கெம்பம்மாவைப் பார்த்தான். சாமிக்குக் கொடுத்ததற்கு எப்படிப் பேர் சொல்வது? துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"யாரு போட்டதுன்னு எப்படிங்கம்மா சொல்றது? தாயி பாட்டுங்க அது. இன்னைக்கு நேத்திக்குப் பாட்டா? எங்க தாத்தா பாடினாரு. அவருக்கு அவங்க தாத்தா சொல்லிக் குடுத்தாரு. ராசா காலத்துப் பாட்டுங்க!"

"ஏய் கங்கப்பா!" கருப்பசாமி எழுந்துவிட்டான். "என்னய்யா பேசுற? போன மாசியில நீதானய்யா வார்த்தை போட்ட!"

கங்கப்பன் அவனுக்குக் கண்ணைக் காட்டினான். நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. அவன் கணக்கில், பாட்டுக்கு வயசு கூடக் கூட மதிப்பும் கூடும். நேற்றுப் போட்ட பாட்டு என்றால் மெட்ராஸ்காரி மதிப்பாளா?

வாசலில் நின்ற செல்வம்மாள் தன் பங்குக்கு முன்னால் வந்தாள். பல் இல்லாத வாயால், "எங் கண்ணாலத்துல இதத்தாம்மா பாடினாங்க. நான் மணையில குந்தினு அழுதன்" என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை. இரண்டு பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஜெயமணி அம்மா நஞ்சம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீ போட்டதா?"

நஞ்சம்மா தாயைப் பார்த்தாள். கெம்பம்மா லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நஞ்சம்மா, கம்பி அறுத்துக் காய்த்த ஆட்காட்டி விரலை மற்ற விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் போட்டதுதாங்க" என்றாள்.

கெம்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் ஒருத்தி, "அடிப்பாவி, தாயி பாட்டப் போயி..." என்றாள்.

"அப்படீன்னா இன்னொரு மெட்டுப் பாடு. புதுசா எதாவது. சின்னதா இருந்தாலும் போதும்" என்றார் ஜெயமணி அம்மா. தன்மையாகத்தான் சொன்னார்.

நஞ்சம்மா கண்ணை மூடினாள். தொடங்கினாள். இரண்டு அடி தள்ளிப் போனதும் அது 'ஏறி வா தாயி'யில் போய் விழுந்தது. நிறுத்தினாள். வேறு இடத்தில் தொடங்கினாள். மறுபடி அதே பள்ளத்தில் விழுந்தது. ஏழு மாசமாக டெம்போவிலும் டீக்கடையிலும் காற்றிலும் அதையே கேட்டுக் கேட்டு, அவள் தொண்டையில் அது தடம் போட்டிருந்தது. வாசலில் நின்ற பெண்கள் அவள் விட்ட இடத்தில் பிடித்து, உதவி செய்கிறதாக நினைத்து, மீதியைப் பாடினார்கள். செல்வம்மாள் கைதட்டினாள்.

"நிறுத்துங்கடி!" என்று கெம்பம்மா கத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கருப்பசாமிதான் ஜெயமணி அம்மாவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வழியில் அவர் நின்று நின்று நடந்தார்.

"நான் நம்புறேன் தம்பி. பழம்பாட்டுன்னு சொன்னாரே, அவர் முகத்தைப் பார்த்தாலே பொய்யின்னு தெரியுது. ஆனா அங்க இருக்கிற மத்தவங்க கிட்ட என்னன்னு சொல்றது? அவ போட்டதாவே இருந்தாலும் அனுப்புறதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் பாடியாச்சு. அதுவே கூடாதுங்கிறாங்க."

"சாமி கிட்டப் பாடினதும்மா."

"தெரியுது." பஸ் வந்துவிட்டது. "அடுத்த வருஷமும் எடுப்பாங்க. வயசு இருக்கு. வேற மெட்டு அனுப்பச் சொல்லுங்க. யார் காதுலயும் விழாம அனுப்பச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது சந்து முனையில் கங்கப்பன் நின்றிருந்தான். "என்னாச்சுங்க? எடுத்துக்கினாங்களா?"

"இல்ல."

"ஏனுங்க? நான் ஒசத்தித்தான சொன்னன்?"

அவனை அடிக்கலாம் என்று கருப்பசாமிக்குத் தோன்றியது. ஆனால் கால் வலித்தது. "ஒசத்தித்தான் சொன்ன. போய்ப் படு" என்றான்.

அதற்கப்புறம் நஞ்சம்மா முனகுவதில்லை. எண்ணித்தான் சுற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வழி தவறி, பிரித்துப் பிரித்துச் சுற்றினார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் எண்ணப் பழகிக்கொண்டார்கள். சூப்பர்வைசர், இப்போதுதான் கம்பெனி மாதிரி இருக்கிறது என்றார். டெம்போவில் அந்தப் பாட்டு வந்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தாயும் மகளும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். சாறு இருக்குதா, இருக்குது. தண்ணி வந்துதா, வரல. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கருப்பசாமிக்குப் பட்டறை வேலையைவிடப் பெரிய வேலையாக இருந்தது. ஒருமுறை கேட்டே விட்டான்.

"அடுத்த வருசத்துக்கு ஒண்ணு பண்ணலாம்ல புள்ள?"

"பண்ணி என்னாங்க? திருப்பியும் தாயிக்குக் காட்டணும். காட்டினா ஊருக்குப் போயிடும். காட்டலன்னா அம்மா செத்துடும்." அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வுடுங்க. எனக்கு வரவும் இல்ல."

மார்கழியில் ஒருநாள் கருப்பசாமி மூன்றாம் ஷிப்டு முடிந்து வந்தான். எதிரில் வருகிற ஆள் தெரியாத பனி. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்ற கால் தன்னுடையது மாதிரியே இல்லை. போய் விழுந்தால் போதும் என்று வந்தான். வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தெருக்குழாய் இருக்கிறது. அதன் கீழே காலிக் குடத்தை வைத்துவிட்டு, தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு கெம்பம்மா குந்தியிருந்தாள்.

"மாப்ளே. வூட்டுக்குப் போவாத."

"ஏன்? என்னாச்சு?"

"பாடறா."

கருப்பசாமி நின்றுவிட்டான். "எதை?"

"எனக்கென்ன தெரியும்? நான் கேக்கல. அவ வாயத் தொறந்ததுமே எந்திரிச்சு வந்துட்டன்." கெம்பம்மா சாக்கை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். "காதுல வுழுந்துச்சுன்னா தாயிக்குச் சொல்லியாவணும். வுழலன்னா எனக்கென்னா தெரியும், அவ பாட்டுப் பாடறாளா, பல்லு வெளக்கறாளான்னு?"

"எம்புட்டு நேரமா இங்க இருக்க?"

"பால்காரன் போறதுக்கு முன்னால வந்தன்."

அவள் உதடு பனியில் வெளுத்திருந்தது. அவன் அவளுக்குப் பக்கத்தில், குழாய் மேடையின் ஈரத்திலேயே உட்கார்ந்தான். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. ஏதோ ஒன்று, இரண்டு அடி இருக்கும், மெலிசாக வந்தது. அவனுக்குத் தெரியாதது. தெரிந்த பள்ளத்தில் விழாமல் வேறு பக்கம் போனது.

கெம்பம்மாவும் அதைக் கேட்டுவிட்டாளோ என்னவோ, சட்டென்று கையை நீட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வருகிற நாள்தான். காலிக் குடத்தில் தடதடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. குடம் நிறைய நிறையச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நிறைந்து வழிந்தபோது மறுபடி மெலிசாக அது வரத் தொடங்கியது.

கெம்பம்மா குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். காலிக் குடத்தை மறுபடி குழாய்க்கடியில் வைத்தாள்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. "ஏ கெம்பக்கா, பைத்தியமா உனக்கு?" என்று ஒருத்தி கத்தினாள். "மூணு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி!"

"குடம் அழுக்கு" என்றாள் கெம்பம்மா.

கருப்பசாமி எழுந்தான். கால் விறைத்திருந்தது. நிறைந்துகொண்டிருந்த குடத்தைத் தான் வாங்கி, கவிழ்த்தான்.